மாப்பிள்ளையின் காரும் அறுபத்திரண்டு செண்டிமீட்டரும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருக்க வேண்டுகிறேன். நான்கு மாதப் பயிற்சிக்கென்று கிளம்பியபோது எங்களிடம் மூன்று பொருள்களை ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். இரண்டு பூந்தொட்டிகளும் அமோகமாக இருக்கின்றன. சிவப்புத் தொட்டியில் நேற்று ஐந்து மொட்டு. மூன்றாவது பொருளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள். பல் டாக்டர் நீங்கள், அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்டே பழகியவர். அந்த நிலைமையில் என்னால் பதில் சொல்ல முடியாது. மேலும் என் போன் அந்த மூன்றாவது பொருளுக்குள் இருந்தது. இப்போது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலை ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று நம் தெரு வழியாகப் போனது. காற்று பலமாக இருக்கிறது, கடல்நீர் ஊருக்குள் ஏறலாம், தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் வண்டிகளை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். வாங்கி ஏழு மாதம்கூட ஆகாத கார், கதவைச் சாத்தினால் சத்தமே வராத கார், வாசலில் நிற்கிறது. நீங்கள் உள்ளே ஒட்டிவைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்தேன். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடவும், ஓட்ட வேண்டாம் என்று எழுதி, ஓட்ட வேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். கடல் வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மேட்டுத் தெருவில் என் சகலை வீடு இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கே போக ஒரே வழி கடற்கரைச் சாலை. அந்தச் சாலையில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? முப்பத்தொரு வருஷம் துறைமுக ஆபீசில் கடல்மட்டம் அளந்தவன் நான். அளவுகோலைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதியவன். கண்ணால் பார்க்காத ஒரு செண்டிமீட்டரைக்கூட அதில் எழுதியதில்லை. ஓய்வுபெறும் முன் கடைசியாக நான் தயாரித்த அட்டவணை, என் பெயர் அச்சான அட்டவணை, ஹாலில் தொங்குவது உங்களுக்கே தெரியும். பத்து இருபதுக்குக் கடல் நன்றாக இறங்கியிருக்கும் என்று அதில் போட்டிருந்தது. பத்து மணிக்குக் கிளம்பினேன்.

அத்தை மட்டும், "ஒரு எட்டு கடலைப் பாத்துட்டு வந்து எடுங்களேன்" என்றாள்.

"கடலைப் பாத்தா என்ன தெரியும்? அட்டவணையைப் பாத்தாத்தான் எப்ப இறங்கும்னு தெரியும்" என்றேன்.

"அந்தக் காரை ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"கியரே இல்லாத கார். அதுவே ஓட்டிக்கும், நான் கூட உக்காந்துட்டுப் போறேன், அவ்வளவுதான்."

முதல் வளைவு வரை ராஜபாட்டை. வளைவைத் தாண்டினால் சாலையைக் காணோம், தண்ணீர்தான் இருந்தது. மணி பத்து பன்னிரண்டு. இன்னும் எட்டு நிமிடத்தில் கடல் இறங்கி முடிக்க வேண்டும், ஆகவே இது வடிந்துகொண்டிருக்கும் தண்ணீர் என்ற முடிவுக்கு வந்தேன். அப்படியும் அளக்காமல் இறங்குகிற ஆள் நானில்லை. நம் ரொட்டிக்கடைக்காரர் தன் கடை வாசலில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. கண்ணாலேயே அளந்தேன், முப்பத்திரண்டு செண்டிமீட்டர். என் கண்ணளவு தப்பாது, அன்றைக்கும் தப்பவில்லை. கண்ணாடியை இறக்கி, வண்டி போகுமா என்று கேட்டேன். "எனக்கு இவ்வளவுதான் சார் இருக்கு, பாத்துக்குங்க" என்றார். அதில் ஒரு பொய்யும் கிடையாது. அவர் கடைக்கு இரண்டு படிகள். அவர் மேல்படியில் நின்றிருந்தார், படிகள் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. படி ஒன்றுக்குப் பதினைந்து செண்டிமீட்டர். முப்பத்திரண்டும் முப்பதும் அறுபத்திரண்டு. இந்தக் கூட்டலை நான் நடுச்சாலையில், சீட்டில் நனைந்துகொண்டு போட்டேன்.

ஏனென்றால் அதற்குள் வண்டி இரண்டு முறை செருமிவிட்டு நின்றுபோயிருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். முக்கியது, நின்றது. இப்படி ஏழு தடவை. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை மாப்பிள்ளை, நான் ஒன்றையும் தொடவில்லை. வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. ஹாரன் தானாக அடித்தது, அடித்தது நிற்கவே இல்லை. நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் இறங்கின, கடல் நான்கு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. போதாக்குறைக்குப் பெல்ட் போடச் சொல்லும் மணி வேறு. நான் பெல்ட் போட்டுத்தான் இருந்தேன். பக்கத்து சீட்டில் யாரோ கனமான ஆள் உட்கார்ந்திருப்பதாக அதற்கு எண்ணம். உட்கார்ந்திருந்தது கடல். நான் ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்து, "படியில நிக்கிறேன்னு சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். "வண்டி போகுமான்னு கேட்டீங்க சார். நான் எங்க நிக்கிறேன்னு கேக்கலையே" என்று அவர் ஹாரனுக்கு மேல் கத்தினார்.

குடிதண்ணீர் லாரிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துப்போய் மெக்கானிக் வாசலில் விட்டார். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நின்னப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். ஏழு தடவை என்றேன், எண்ணிச் சொல்லித்தானே எனக்குப் பழக்கம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழைத்தண்ணின்னாக்கூட காயவெச்சுப் பாக்கலாம் சார். இது உப்பு. ஒயர் பூரா பச்சை பூத்துடும், பிரேக்கு பிடிச்சுக்கும், அடித்தகடு அரிச்சுடும். அது போகட்டும். இன்ஜின் தண்ணி குடிச்சிருக்கு. நின்னதும் அப்படியே விட்டிருந்தீங்கன்னா எப்படியாவது பொழைக்க வெச்சிருப்பேன். நீங்க ஏழு தடவை முறுக்கியிருக்கீங்க, உள்ள ராடு வளைஞ்சே போயிருக்கும்" என்றார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் நல்லது என்று நீங்களே எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அது பல்லுக்கு சார்" என்றார். அடிப்பாகத்தை மட்டும் நல்ல தண்ணீர் விட்டு அலசினார். இன்சூரன்ஸ்காரர் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க முடியாது என்று வண்டியை மறுபடி கயிறு கட்டி நம் வாசலுக்கே அனுப்பிவிட்டார்.

வண்டி வந்து சேரும் முன்னே நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் நம் தெருவுக்குள் வந்ததா என்று கேட்பீர்கள். தெருமுனை விளக்குக் கம்பம் வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டதாம். நம் வாசல் காய்ந்து கிடந்தது. கார் நின்றிருந்த இடத்தில் அத்தை கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தாள். என் வேட்டியைப் பார்த்தாள், அப்புறம் ஹால் சுவரைப் பார்த்தாள். "அது போன வருஷத்து அட்டவணைங்க" என்றாள். இந்த வருஷத்து அட்டவணை, கம்ப்யூட்டர் போட்டது, துறைமுக ஆபீசிலிருந்து மரியாதையாக வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தது, பீரோ மேல் சுருட்டியபடியே கிடந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபத்தைந்து, அந்த மாதத்திலேயே கடல் மிக உயரமாக ஏறும் நேரம். என் பெயர் இல்லாத அட்டவணையை அந்த ஆணியில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை மாப்பிள்ளை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி உங்களால் ஆக வேண்டிய காரியம். நிறுத்திவைத்த காரில் தண்ணீர் புகுந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முழுவதும் கொடுப்பார்களாம். தண்ணீரில் ஓட்டி, நின்றபின் முறுக்கியும் பார்த்திருந்தால் இன்ஜினுக்குக் கையை விரித்துவிடுவார்களாம். நீங்களும் என் மகளும் எத்தனை பேருடைய பல்லைப் பிடுங்கிச் சேர்த்து வாங்கிய கார் இது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இப்படி ஒரு காரியத்துக்குத் துணிந்தேன். நம் வாசல் தூணில், தண்ணீர் நின்று வடிந்த மாதிரி ஒரு கோடு போட்டிருக்கிறேன். சேற்றில் நனைத்த துணியால், நூல் பிடித்து, தரையிலிருந்து சரியாக அறுபத்திரண்டு செண்டிமீட்டரில். இல்லாத அளவை எப்படிக் கற்பனை செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே இருந்த அளவையே போட்டேன். காருக்குள் ஓட்டுநர் சீட்டில் படிந்த உப்புக்கோடும் இதுவும் ஒரே மட்டம். இரண்டு கடற்பாசித் துணுக்கும் ஒட்டினேன். "இதெல்லாம் நல்லா வருது உங்களுக்கு" என்று அத்தை சொன்னாள், பாராட்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை. இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். வாகனம் நின்றதா, ஓடியதா என்ற இடத்தில் நின்றது என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பெரிய பொய் ஒன்றும் இல்லை, ஏழு தடவை முயன்றும் அது ஓடவில்லை. இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டுப் போனதும் சீட்டைத் தேய்த்துக் கழுவ அத்தை பிரஷ்ஷும் சோப்பும் வாங்கி வைத்துவிட்டாள். நீங்கள் வரும்போது பளிச்சென்று இருக்கும்.

மகளிடம் பக்குவமாகச் சொல்லவும், முடிந்தால் சொல்லவே வேண்டாம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், தொழிலில் ஓங்கி, நனையாத பாதையில் நடந்து நூறாண்டு வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது வாசலில் ஆள் வந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர். தூணைப் பார்த்ததுமே, "கோடு அருமையா தெரியுதே சார்" என்று படம் எடுத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்து துறைமுக ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. கடல் உள்ளே வந்துபோனால் தெருத்தெருவாகப் போய்ச் சுவர்களில் தண்ணீர்க்கோட்டை அளந்து எழுத வேண்டும். அந்த வழக்கத்தை அந்த ஆபீசில் ஆரம்பித்துவைத்ததே நான்தான். இப்போது என் நாற்காலியில் உட்காரும் அம்மா டேப்பும் பதிவேடுமாக இறங்கி வந்தார். தூணை அளந்தார். "சார், ஊர்ல இவ்வளவு சுத்தமா ஒரு கோடு நான் எங்கயும் பாக்கல. ஆனா பக்கத்து வீட்டுல ஒண்ணுமே இல்ல, அதுதான் புரியல. நீங்க சொன்னா எழுதிக்கறேன். உங்க வார்த்தைக்கு மேல சாட்சி எனக்கு வேணாம்" என்று பதிவேட்டைத் திறந்தார். அதே பழைய பதிவேடு. இடது பக்கம் முழுக்க என் கையெழுத்து. வலது பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. தோள் துண்டை நனைத்து அந்தக் கோட்டை நானே அழித்தேன். "எழுதாதீங்கம்மா. இது கடல் போட்ட கோடு இல்ல, நான் போட்டது" என்றேன். அப்புறம் அட்டவணை, ரொட்டிக்கடைப் படி, எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னேன். இன்சூரன்ஸ்காரருக்கே பாவமாகிவிட்டது. "முறுக்கினது ரெண்டு தடவைன்னு எழுதிக்கட்டுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். ஏழு என்று எழுதுங்கள் என்றேன். உள்ளே அத்தை ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

ஆகவே அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இன்ஜினுக்கு நான் பொறுப்பு, எப்பாடு பட்டாவது ஓட வைத்துத் தருகிறேன். அந்த அம்மா கடற்கரைச் சாலையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். அங்கே சுவர்க்கோடுகளையெல்லாம் அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். உங்கள் காரின் கதவைத் திறந்து காட்டினேன். மூன்று முறை அளந்தார். 'கடற்கரைச் சாலை, அறுபத்திரண்டு செண்டிமீட்டர், ஆதாரம்: பல் மருத்துவரின் கார், ஓட்டுநர் இருக்கை' என்று எழுதினார். "நேர்ல பாத்தீங்களா சார்?" என்று கேட்டார், அது முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி. "உக்காந்தே பாத்தேன்" என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பதிவேட்டில் மறுபடி போட்டேன். அவர்கள் போனதும் புது அட்டவணையை எடுத்து அதே ஆணியில் மாட்டினேன். துறைமுக மேலதிகாரிகள் அடுத்த மாதம்தான் வந்து பார்ப்பார்களாம், அதுவரை அந்த சீட்டை யாரும் கழுவக் கூடாதாம். அத்தையிடமிருந்து பிரஷ்ஷை வாங்கி ஒளித்துவைத்திருக்கிறேன். நீங்கள் அதற்குள் வந்துவிட்டால், தயவுசெய்து பின்சீட்டில் உட்காரவும்.