படம் போட்ட டிரம்

சவுரிராயன் வரைந்திருந்த நெருப்பைப் பார்த்துவிட்டு மண்ணாங்கட்டி சொன்னான்:

"தாமரை நல்லா வந்துக்கிது சார்."

தரணேந்திரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிரம்மைப் பார்த்தான். சிவப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை. அடியில் ஒன்றாகக் கிளம்பி மேலே கூராகப் பிரியும் இதழ்கள். தாமரைதான்.

"அது நெருப்பு" என்றான்.

மண்ணாங்கட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நெருப்புன்னு சொல்லிட்டா நெருப்பு மாதிரியும் இருக்குது."

பெயின்டர் சவுரிராயன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, காற்று அடிக்காத இடத்தில் நெருப்பு அப்படித்தான் நிற்கும் என்று விளக்கம் சொன்னார்.

திண்டிவனத்துக்கு வெளியே, மரக்காணம் சாலையில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் செய்தார்கள். ரப்பரை ஹெக்சேன் என்ற திரவத்தில் ஊறவைத்துக் கரைத்துப் பசையாக்கி, சின்னச் சின்ன டியூப்களில் அடைப்பது வேலை. அடைப்பவர்கள் பெண்கள். ஹெக்சேன் பார்வைக்குத் தண்ணீர் போல இருக்கும். மெட்ராஸிலிருந்து மாதம் ஒரு டிரம் லாரியில் வந்து, பெண்கள் வேலை செய்யும் இடத்தை ஒட்டிய பின்பக்கக் கொட்டகையில் நிற்கும். அன்றன்றைக்கு வேண்டியதைக் கைபம்பால் எடுத்துக் கொடுப்பவன் மண்ணாங்கட்டி. காலியான டிரம்களை வேப்பமரத்தடிக்கு உருட்டிவிடுவான். டீ நேரத்தில் எல்லோரும் அவற்றின் மேல்தான் உட்காருவார்கள். தரணேந்திரன் அங்கே கெமிஸ்ட். அறிவியல் படித்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் ஃப்யூஸ் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

போபால் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். விழுப்புரத்திலிருந்த ஆய்வாளர் சீனுவாசன், வைத்திருக்கும் ரசாயனம் என்ன வகை ஆபத்து என்று வகைப்படுத்திச் சொல்லும்படி உத்தரவு அனுப்பினார். சொல்லாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது.

முதலாளி வர்த்தமானன் தரணேந்திரனைக் கூப்பிட்டார். லைசென்ஸ் போனால் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுச் செஞ்சிக்குப் போய்ப் பழையபடி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கு அது மிரட்டல் இல்லை, ஆசை.

தரணேந்திரனுக்கும் செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டி காத்திருந்தது. அக்கா புருஷன் வீரசேனனுடையது. இந்த வேலை கிடைக்கும்வரை அங்கேதான் மூட்டைகளுக்கு எடை பார்த்தான். தூக்க ஆள் குறையும்போதெல்லாம் மாமா, "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இப்பிடி வந்து ஒரு கை புடி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அதுதான் சிரமம்.

ஆகவே தரணேந்திரன் கல்லூரிப் புத்தகத்திலிருந்து குறிப்பு எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினான். சீனுவாசனின் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் இருந்தார், மற்றதில் ஃபைல்கள் இருந்தன. தரணேந்திரன் நின்றுகொண்டே படித்தான். தீ ஆபத்து மிக அதிகம். பனிக்கட்டிக் குளிரிலும் ஆவி பற்றும்.

சீனுவாசன் நிமிர்ந்தார். "ஐஸ்லயே பத்திக்குமா?"

"ஆமா சார்."

"அப்ப திண்டிவனத்துல?"

"திண்டிவனத்துல கேக்கவே வேணாம் சார்."

அடுத்தது உடல்நலம். மூச்சில் போனால் தலைசுற்றல், தள்ளாட்டம், மயக்கம். நெடுநாள் போனால் விரல்கள் மரத்துவிடும். சீனுவாசன் ஜங்ஷன் பக்கம் எஞ்சின் கூவுவதைக் கேட்டு முடித்துவிட்டு, வகையெல்லாம் சரி என்றார். ஆனால் படிக்கத் தெரியாத ஆளுக்கு இதை யார் சொல்வது? டிரம்மில் படம் போட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வருவார். படத்தைப் பார்த்தால் ஆள் கிட்டே போகப் பயப்பட வேண்டும்.

"பயந்தா கையெழுத்து" என்றார்.

தாமரையைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. சவுரிராயன் அதைச் சுரண்டிவிட்டு, மஞ்சளில், கதிர் கதிராக, இன்னொரு நெருப்பு வரைந்தார். மதியத்துக்குள் ஒருவன் வந்து, முதலாளி எப்போது அந்தக் கட்சியில் சேர்ந்தார் என்று விசாரித்தான். இன்னொருவன், அப்படியானால் அடுத்த டிரம்மில் தன் கட்சியின் சின்னம் வர வேண்டும் என்றான். சாப்பாட்டு மணி அடித்தபோது இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். தரணேந்திரன் அதையும் அழிக்கச் சொன்னான்.

"வேற என்னதான் வரைய வரும் உங்களுக்கு?"

"கல்லறைக்கு வரைவேங்க. சிலுவைக்கு அடியில மண்டை ஓடு. அதுக்கு முகையூர்ல இருந்துகூட என்னைத்தான் தேடிக்கினு வருவாங்க."

முறைப்படி மண்டை ஓடு விஷத்துக்கு உரியது. ஹெக்சேனுக்கு முதலில் நெருப்புதான் வர வேண்டும். தரணேந்திரனுக்கு அது தெரியும். ஆனால் ஆய்வாளர் கேட்டது பயம்.

மண்டை ஓடு பிரமாதமாக வந்தது. கொட்டகையில் எந்த மூலையில் நின்றாலும் நின்றவனையே பார்த்தது. மண்ணாங்கட்டி இரண்டடி பின்னால் போனான். தரணேந்திரனுக்குத் திருப்தி.

மறுநாள் காலையில் மண்டை ஓட்டின் நெற்றியில் குங்குமம் இருந்தது. டிரம்மின் மூடிமேல் ஓர் எலுமிச்சம்பழம்.

மாசி மாதம். மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டியூப் அடைக்கும் பெண்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தவர்கள். மண்டை ஓடு யார் கையில் இருப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்காளம்மன் தொழிற்சாலைக்கே வந்துவிட்டாள். அவ்வளவுதான்.

குங்குமம் வைத்தது அம்மணி. டியூப் அடைப்பவர்களில் மூத்தவள், அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். தரணேந்திரன் அவளிடம் போனான்.

"அம்மணிக்கா, அது எச்சரிக்கைப் படம். கிட்ட வராதீங்கன்னு அர்த்தம்."

"ஆத்தா வந்து நின்னுக்கினு இருக்கா. எட்ட நின்னா கும்பிடறது?"

"ஆத்தா இல்லக்கா. ஹெக்சேன்."

"பேரு எதுவா இருந்தா இன்னா சார்."

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் தட்டில் சூடம் எரிய அம்மணி கொட்டகைக்குள் நுழைவதைத் தரணேந்திரன் பார்த்தான். பின்னால் மற்ற பெண்கள். ஓடினான். விளக்கிச் சொல்ல நேரமில்லை. வெறும் கையால் சூடத்தை அறைந்து அணைத்தான். தட்டு எகிறிச் சுவரில் மோதியது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை.

"நீங்க வேற சாமி கும்பிடறவங்க சார்" என்றாள் அம்மணி. "அதுக்காக எங்க ஆத்தா மூஞ்சில அடிக்கிறதா?"

"எங்க ஜைனக் கோயில்லயும் அம்மன் உண்டுக்கா."

"அவளுக்கு சூடம் காட்ட மாட்டீங்களா?"

"பெட்ரோல் பங்க்ல வெச்சுக் காட்ட மாட்டோம்."

பெண்கள் தட்டைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். தரணேந்திரன் மண்ணாங்கட்டியைத் தனியாக நிறுத்தி, ஹெக்சேனைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லாத பொறுமையோடு சொன்னான். ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

"ஹெக்சேனும் சூடமும் ஒரே கூரைக்கு அடியில இருக்கவே கூடாது. புரியுதா?"

மண்ணாங்கட்டி வெகுநேரம் யோசித்தான்.

"புரியுது சார். நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை தரணேந்திரன் கைக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரி போனான். அன்று வேலைக்கு வரவில்லை. திங்கள்கிழமை வந்ததும், படம் கண்ணில் படாவிட்டால் சூடமும் வராது என்று தீர்மானித்து, ஒரு சாக்கை எடுத்து மண்டை ஓட்டை மூடிக் கயிற்றால் கட்டினான். ஆய்வாளர் வரும் அன்று அவிழ்த்துவிடலாம் என்பது எண்ணம்.

ஆத்தாளின் முகத்தில் சாக்கைக் கட்டியவன் என்று அவனைப் பற்றிச் செய்தி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை போனது.

புதன்கிழமை அம்மணி கொட்டகைக்குள் போய்ச் சாக்கை உருவி எறிந்தாள். டிரம்முக்கு எதிரே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு கூந்தல் அவிழ்ந்தது. உடம்பு இடமும் வலமும் ஆடியது. டியூப் அடைக்கும் வேலை நின்றுபோனது. சரக்கு ஏற்ற லாரி ஓட்டி வந்தவன்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"எவன்டா என்னை மூடுனவன்? கண்ணாடி போட்டவன் எங்கடா?"

கண்ணாடி போட்டவனுக்கு எல்லோரும் வழி விட்டார்கள்.

"எம் புள்ளைங்களுக்கு விரலு மரத்துப் போவுதுடா. காத்து வராம அடைச்சு வெச்சிருக்கீங்க. ஃபேன் போடுடா. ஜல்தியா போடுடா."

வர்த்தமானன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் வேண்டும் என்று தரணேந்திரன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் கேட்டு வந்தான். கரண்ட் செலவு என்று அவர் தள்ளிப் போட்டு வந்தார். இப்போது ஆத்தாவிடம், எந்தச் சுவரில் போடுவது என்று மட்டும் கேட்டார். எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து சேரவே மாலையாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஜைன வழக்கமுள்ள வர்த்தமானன் அன்று பக்கத்திலேயே நின்று வேலை வாங்கிவிட்டுப் பட்டினி கிடந்தார்.

"உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டா?" என்று தரணேந்திரன் கேட்டான்.

"எதுக்கும் இருக்கட்டும்பா."

தரணேந்திரனுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. கூட்டம் கலைந்தபின் டிரம்மின் மூடியருகில் மூக்கை வைத்தான். ஹெக்சேன் வாசனை. மூடி கசிகிறது. ஆட்டம், தள்ளாட்டம், வாய்க்கு வந்த பேச்சு. புத்தகத்தில் உள்ளபடி, உள்ள வரிசையிலேயே. அவன் வகைப்படுத்தி எழுதியது கண்ணெதிரே கூந்தலை விரித்து ஆடியிருக்கிறது. மூடியை இறுக்கிப் பார்த்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சீனுவாசன் வந்தார். கொட்டகை வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே டிரம்முக்கு எலுமிச்சம்பழ மாலை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மணி, ஆபீசர் வந்த மரியாதைக்கோ என்னவோ, ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

வர்த்தமானன் கண்ணை மூடிக்கொண்டார். தரணேந்திரன் முன்னால் வந்தான். அதிகாரி கேட்ட பயம் இங்கே இல்லை என்பதை ஒப்புக்கொண்டான். ஆனால் உடல்நல ஆபத்து என்று தான் எழுதியதை நேரிலேயே பார்க்கலாம் என்றான். அந்த அம்மாள் ஆடுவதற்குக் காரணம் இந்த டிரம்மிலிருந்து வரும் ஆவி. அதனால்தான் ஃபேன் போட்டிருக்கிறோம்.

சீனுவாசன் அம்மணியைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். கிட்டே போய் ஒரு முறை மூச்சை இழுத்தார். உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க. எனக்கே ஒரு மாதிரி கிர்ருங்குது."

தரணேந்திரன் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தான். வேப்பமரத்தடியில் கிடந்த டிரம்களில் ஒன்றை வர்த்தமானன் தன் துண்டால் துடைத்துவிட்டார். சீனுவாசன் உட்கார்ந்தார். மற்ற டிரம்கள் போல ஆடாமல் அது அசையாமல் நின்றது. அவர் பருமனான ஆள். அந்த உறுதி அவருக்குப் பிடித்திருந்தது.

"எல்லாரும் புத்தகத்தைப் பாத்து எழுதிக்கினு வந்து நீட்டறாங்க" என்றார். "நீங்க ஆளையே நிறுத்திக் காட்டிட்டீங்க. மத்த ஃபேக்டரிக்கெல்லாம் உங்களத்தான் சொல்லப்போறேன்."

காகிதங்களை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். செஞ்சி மண்டியும் மாமாவின் சிரிப்பும் தரணேந்திரனை விட்டு வெகுதூரம் போயின. சீனுவாசன் என்ன நினைத்தாரோ, பேனாவை மூடிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சிகரெட் எடுத்தார். கொட்டகையைக் காட்டி, இவ்வளவு தூரம் போதுமா என்று கேட்டார். தரணேந்திரன் கண்ணால் அளந்தான்.

"இங்க ஒண்ணும் பயமில்ல சார்."

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து சூட வாசனை வந்தது.

தரணேந்திரன் ஓடினான். உள்ளே மண்டை ஓட்டுக்கு நேராகத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தவனை வாசலிலேயே மண்ணாங்கட்டி கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"விடுய்யா. எல்லாரும் செத்துருவோம்."

"ஒண்ணும் ஆவாது சார். அதுல வெறும் தண்ணி. போன சனிக்கிழமையே மாத்திட்டேன். அம்மணிக்காதான் குடத்துல மொண்டாந்து ஊத்துனாங்க."

சூடம் நின்று எரிந்தது. டிரம் சும்மா இருந்தது. அம்மணி ஆடுவதை நிறுத்தி, கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டு, சுவரில் சுற்றும் ஃபேனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒரே கூரையில கூடாதுன்னீங்களே சார். ஆத்தாவ நவுத்த முடியுமா?" என்றான் மண்ணாங்கட்டி.

தரணேந்திரன் ஓங்கிய கையை இறக்கினான். பின்னால், வேப்பமரத்தடியில், தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. முதல் குச்சி பற்றவில்லை போலிருக்கிறது. மறுபடி உரசினார்கள்.

"அப்ப ஹெக்சேன் எங்கய்யா?"

"படம் போடாத டிரம்முல பத்திரமா இருக்குது சார். ஆபீசரு உக்காந்துக்கினு இருக்காரே, அதான்."