உயிரோடு இருந்தவருக்கு இருபத்திரண்டு மார்க்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரைச் செத்துப்போனார் என்று ஊருக்குச் சொன்னவன் நான். அதனால், பதினோரு வருடம் காத்திருந்து அவருக்குக் கிடைத்த ஒரு வேஷம் கைவிட்டுப் போயிற்று. அவர் மீது எனக்குப் பகை எதுவும் கிடையாது. சொல்லப்போனால் அவரை எனக்குப் பிடிக்கும். ஒரு விளையாட்டில் நான் கடைசி இடத்தில் இருந்தேன், அவ்வளவுதான் காரணம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு, ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம், புள்ளியியலில் முதுகலைப் பட்டம். இவற்றோடு நின்றிருந்தால் யோக்கியனாகவே ஓய்வு பெற்றிருப்பேன். ஆனால் நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதை டெலிபோனுடன் இணைக்க ஒரு மோடமும் வாங்கினேன். மாலை ஆறு மணிக்கு மேல் யாராவது தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து என் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டால் என் கம்ப்யூட்டர் எடுக்கும். அவர்கள் உள்ளே வந்து மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கலாம், தாங்களும் எழுதிவிட்டுப் போகலாம். இதற்கு 'போர்டு' என்று பெயர். இருப்பது ஒரே டெலிபோன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். (பஸ் ஸ்டாண்டு கழிப்பறை மாதிரி என்பாள் என் மனைவி சுகந்தி.) குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று ஒரு டஜன் உறுப்பினர்கள் இருந்தோம். உலகமே எங்கள் கைக்குள் வந்துவிட்டதாக நினைப்பு.

சுகந்தியின் அம்மா நாகர்கோவிலிலிருந்து எப்போதாவது மாலையில் கூப்பிடுவார். மோடம் எடுத்து அவர் காதில் கீச்சிடும். "மருமவன் வீட்டு போன்ல யாரோ கோழி அறுக்காங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் போர்டில்தான் 'பிரிவுபசாரப் போட்டி'யை ஆரம்பித்தேன். யோசனை என்னுடையது, விதிகளும் என்னுடையவை. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் பத்துப் பிரபலங்களின் பெயரைக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் அவர்களில் யார் காலமானாலும், நூறிலிருந்து அவர் வயதைக் கழித்து வருவது மார்க். அரசியல்வாதிகள் கூடாது (வீட்டுக்கு ஆள் வரும்). செய்தியைப் போர்டில் முதலில் சொல்பவருக்குப் பத்து மார்க் கூடுதல். பத்திரிகையில் வந்தால்தான் கணக்கில் சேரும்.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு எனக்கு அது கிரிக்கெட் மாதிரிதான் இருந்தது. காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி நேராகக் கறுப்புக் கட்டம் போட்ட பக்கத்துக்குப் போவேன்.

அலுவலகத்தில் என் மேஜைமேல் எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று சொல்லும் அட்டவணைகள் அடுக்கி இருக்கும். சாவைப் பற்றி இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே அதிகம் தெரிந்தவன் நான்தான். ஆனால் செப்டம்பர் வரை என் மார்க் சுழி. முதலிடத்தில் இருந்தவர் குரோம்பேட்டை எஸ்தர் டீச்சர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பைபிள் கதை சொல்பவர். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"டீச்சர், எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"நான் அவங்களுக்காக ஜெபம் பண்றேன் சார். தினமும் ஜெபம் பண்றதால யாருக்கு ரொம்ப முடியலைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கறேன். நீங்க பண்றதில்லையா?"

நான் பண்ணுவதில்லை. நான் வேவு பார்த்தேன்.

என் பட்டியலில் 'இடி' ஏகாம்பரம் இருந்தார். கறுப்பு வெள்ளைக் காலத்து வில்லன். சிரித்தால் கொட்டகைத் தகரம் அதிரும் என்பார்கள். எழுபத்தெட்டு வயதில், மனைவி போன பிறகு, மாடம்பாக்கம் கோயிலுக்குப் பின்தெருவில் தனியாக இருந்தார். என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம். கீரை வாங்கும் சாக்கில் வாரத்துக்கு இரண்டு முறை அந்தத் தெருவில் போவேன். வாசலில் உட்கார்ந்திருப்பார். இருமினால் எனக்கு உற்சாகம். இருமாவிட்டால் அன்று இரவு சோறு இறங்காது. (கீரை வேறு தினமும் சாப்பிட வேண்டியிருந்தது.)

ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் அந்தத் தெருமுனையில் திரும்பினேன். ஏகாம்பரம் வீட்டு வாசலில் சாமியானா.

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட மறந்து சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். வராந்தாவில் பெஞ்சு. பெஞ்சின் மேல் அவர். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கழுத்தில் ரோஜா மாலை. தலைமாட்டில் தலைவிரி கோலமாக இரண்டு பெண்கள், ஒருத்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பக்கத்துச் சந்தில் ஒரு வேன். சவ வண்டி என்று எடுத்துக்கொண்டேன்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருபத்திரண்டும் பத்தும் முப்பத்திரண்டு என்று மனசு தாளம் போடுகிறது. கைகூப்பி நின்றேன். காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"எப்பம்மா ஆச்சு?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"காலைல ஒம்போது மணிக்கே படுக்க வச்சிட்டாங்க சார். ஒரு வாய் டீ கூட குடிக்கல, பாவம்" என்றாள் வெற்றிலைக்காரி.

"சொந்தக்காரங்க?"

"அல்லாரும் பின்னால சாப்ட்டுகினு கீறாங்க."

பிணத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்களே என்று நெஞ்சு கொதித்தது. அப்போது அவர் கால் கட்டைவிரலில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. விரல் லேசாக அசைந்தது. ஈ பறந்தது. நான் கண்ணால் பார்த்தேன். காற்று என்று முடிவு செய்தேன். (புள்ளியியலில் முதுகலை.)

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. கேம்ப் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரிக்காரர் என்னைப் பற்றியும் என் பெற்றோரைப் பற்றியும் சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்தியைப் போர்டில் போட்டேன். அடுத்து, பத்திரிகையில் வர வேண்டுமே. எங்கள் உறுப்பினர் குமரேசன், பல்லாவரத்துப் பையன், ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். அவனுக்குப் போன் போட்டேன்.

"கண்ணால பாத்தீங்களா சார்?"

"காலத் தொட்டுக் கும்பிட்டேன்பா."

"அப்ப கடைசிப் பதிப்புல சேத்துடறேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சாயங்காலப் பேப்பரில் பழைய படத்துடன் பெட்டிச் செய்தி. அன்று மாலை போர்டுக்குள் வர அடிதடி. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'புதன்கிழமை அவரை மார்க்கெட்டில் பார்த்தேன், சேனைக்கிழங்குக்குப் பேரம் பேசினார், நன்றாகத்தான் இருந்தார்.' பொறாமை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணி. வாசலில் ஆட்டோ நின்றது. சுகந்தி போய்ப் பார்த்தாள். அவள் அலறவில்லை. உள்ளே திரும்பி நிதானமாகச் சொன்னாள்:

"என்னங்க, உங்க இருபத்திரண்டு மார்க் வந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். சலவை வேட்டி, பட்டுச் சட்டை, கையில் மடித்த பேப்பர். ஏகாம்பரம்.

"நீதான் என்ன சாவடிச்ச ஆளா?"

"சார், நீங்க... நேத்து... மூக்குல பஞ்சு..."

"டிவி சீரியலுயா. வூட்ட சூட்டிங்குக்கு வுட்டேன். அப்டியே பொணமாவும் நடிச்சிக் குடுன்னாங்க. சாப்பாட்டு பிரேக்குல எந்திரிச்சா மேக்கப் கலையும்னு அப்டியே கண்ணசந்தேன். நீ வந்து கால தொட்டத தூக்கத்துல மகராசன் எவனோ கும்புடறான்னு நெனச்சேன்."

சுகந்தி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"குன்றத்தூர்ல வேற ஒரு கம்பெனி. வேற சீரியல். பெரிய மிராசு வேஷம். பேசற வேஷம் சார். பதினோரு வருசமா வாயத் தொறந்து ஒரு டயலாக் பேசல நானு. இன்னிக்கு காலைல பூஜை. கார் அனுப்பறேன்னாங்க. அஞ்சு மணிக்கு குளிச்சி, இந்த வேட்டிய கட்டிகினு வாசல்ல நின்னேன். எட்டு வரைக்கும் நின்னேன். கார் வரல. டீக்கடைக்குப் போனா, என் படத்துக்கு மேல கறுப்பு கட்டம்."

பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து என் பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எதற்காகச் செய்தேன் என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. போட்டி, பட்டியல், கீரை, இருமல், எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை விரித்துத் தன் படத்தைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா மார்க்கு?"

"இருபத்திரண்டு சார்."

"நூத்துக்கா?"

"ஆமா சார்."

"ஃபெயிலா?"

"அப்படி இல்ல சார், வயசு ஏற ஏற மார்க் குறையும்."

"அப்ப நூறத் தாண்டினா?"

"மைனஸ்ல போகும்."

"சரி. உனக்கு மைனஸ் வாங்கிக் குடுக்காம போவ மாட்டேன். இப்ப வண்டிய எடு."

குன்றத்தூர் வரை அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். மலையடிவாரத்தில் ஒரு தோப்பு வீட்டில் பூஜை முடிந்து, வேறொரு பெரியவர் மிராசு தலைப்பாகையுடன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டைரக்டர் இளைஞர். ஏகாம்பரத்தைக் கண்டதும் முதலில் பின்வாங்கினார், பிறகு காலில் விழுந்தார்.

"இவர் உயிரோடதான் இருக்கார் சார். தப்பு என்னுது" என்றேன்.

"அது தெரியுது சார். பெரியவர் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனா இன்னொருத்தர வச்சுப் பூஜை போட்டாச்சு. போதாததுக்குப் பேப்பர்ல செத்தவர்னு வந்தவர். ப்ரொட்யூசர் ரொம்ப சென்டிமென்ட் பாக்கறவர், ஒத்துக்க மாட்டார்."

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சார், எங்க அட்டவணைப்படி இவர் இன்னும் ஏழு வருஷம் தாராளமா இருப்பார்" என்றேன்.

"ஏழா?" என்று கர்ஜித்தார் ஏகாம்பரம். தோப்பே திரும்பிப் பார்த்தது. தலைப்பாகைப் பெரியவர் இட்லியைத் தட்டில் போட்டுவிட்டார். டைரக்டர் கண் கலங்கி, "என்ன குரல் சார்" என்றார். ஆனாலும் வேஷம் கிடைக்கவில்லை. அது போனது போனதுதான்.

அன்று மாலை போட்டியை அழித்தேன். நடந்ததை ஒரு வரி விடாமல் போர்டில் எழுதினேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று கேட்டேன். எஸ்தர் டீச்சர்தான் வழி சொன்னார். அவர்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷத்துக்கு வருடா வருடம் ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகளைக் கொல்லச் சொல்கிற ராஜா, யாருக்கும் பிடிக்காது.

"பேசற வேஷமா?" என்று கேட்டார் ஏகாம்பரம், டீச்சரும் நானும் போய்ச் சொன்னபோது.

"நாலு பக்கம் வசனம்" என்றார் டீச்சர்.

"வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். இவன் எனக்கு சிப்பாயா நிக்கணும்."

அந்த டிசம்பரில், தகரத் தொப்பியும் அட்டை ஈட்டியுமாக நான் மேடையில் நின்றேன். ஏரோது சிம்மாசனத்திலிருந்து எழுந்து, வசனத்தில் இல்லாத ஒன்றை, என் மூக்குக்கு நேராக விரலை நீட்டிச் சொன்னார்: "இருப்பவன் யார், இறந்தவன் யார் என்று பார்க்கத் தெரியாத மூடனே!" பிறகு சிரித்தார். கூரைத் தகரம் அதிர்ந்தது. முன்வரிசைக் குழந்தைகள் இரண்டு பேர் அழுதார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர் முகத்தை அன்று நான் மிக அருகில் பார்த்தேன். ஐம்பது வயது குறைந்திருந்தது.

அதன்பின் பல கிறிஸ்துமஸ்கள் அவர்தான் ஏரோது, நான்தான் மூடன். கூட்டம் அந்த வசனத்துக்காகவே வரும். நான் சொன்ன ஏழு வருடம் முடிந்த அன்று காலையில் என் வாசலில் வந்து நின்று ஒரு முறை இருமிக் காட்டிவிட்டுப் போனார். ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும்போது எப்போதாவது டிவியில் அந்த மிராசு சீரியலை மறு ஒளிபரப்பு செய்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் எழுந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம், நான் செய்ததற்குத் தகரத் தொப்பி போதாது என்று தோன்றும்.

தொண்ணூற்றேழு வயதில் போனார். மைனஸ் வாங்கித் தர நாலு வருடம் பாக்கி. அதே வராந்தா, அதே பெஞ்சு. எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் கால்மாட்டில் நின்று கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

குமரேசனுக்கு நான்தான் போன் செய்தேன். அப்போது அவன் பெரிய ஆசிரியர்.

"எப்ப சார் பாத்தீங்க? சாப்பாட்டு பிரேக் இல்லையே?" என்றான். சிரிக்கவில்லை. எஸ்தர் டீச்சர் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்தி போட்டான்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. மதியம் சாப்பிட்டதும் கூடத்துப் பெஞ்சில் அசந்துவிடுவேன். யாராவது வந்து தயங்கி நின்றால், "பிரேக்ல இருக்கார், உக்காருங்க" என்பாள் சுகந்தி. பேரப்பிள்ளைகள் பூனை போல வந்து கால்மாட்டில் குந்திக்கொண்டு, "அசையுதா பாரு, அசையுதா பாரு" என்று கிசுகிசுப்பார்கள். பெரும்பாலும் நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு, கட்டைவிரலை ஒரு முறை ஆட்டுவேன்.