சத்து மருந்து

“என்னடா ஏத்துறாங்க எனக்கு?” என்று அப்பா கேட்டபோது, ஊசி ஏற்கெனவே கையில் ஏறியிருந்தது.

“சத்து மருந்துப்பா. எலும்புக்கு,” என்றான் மகன்.

மகன் வீட்டுத் தரகன். ஜன்னலே இல்லாத அறையை ‘வெயில் படாத அறை’ என்றும், ரயில் பாதையை ஒட்டிய வீட்டை ‘போக்குவரத்து வசதியுள்ள வீடு’ என்றும் முகம் மாறாமல் சொல்லக்கூடியவன். அப்படிப்பட்டவனுக்குப் பெற்ற தகப்பனிடம் ஒரே ஒரு பொய் சொன்னதும் காது மடல் சிவந்து, நாக்கு குழறியது.

அப்பாவுக்கு வந்திருந்தது அவர் நினைத்துக்கொண்டிருந்த முதுகுவலி அல்ல. மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் குடியேறி எலும்பை அரிக்கிற புற்றுநோய். சோதனை முடிவை வாங்கப் போனவன் மகன் என்பதால், விஷயம் அவன் தலையில்தான் முதலில் விழுந்தது.

“பயப்படாதீங்க, நல்ல மருந்து இருக்கு,” என்றார் அன்று டாக்டரம்மா. “மோனோக்ளோனல் ஆன்டிபாடி. கெட்ட செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கிட்டு, உடம்போட காவல் படைக்கு ‘இவன்தான், பிடி’ன்னு காட்டிக் கொடுக்கும். கூட மாத்திரையும் உண்டு. நிறைய பேருக்கு நோய் வருஷக்கணக்கா அடங்கிக் கிடக்கு. அடியோட ஒழிஞ்சுடும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

“ஆபத்து ஏதாவது?”

“முதல் தடவை ஏத்தும்போது குளிரும், மூச்சு முட்டலாம். அதனால மெதுவா ஏத்துவோம். எதிர்ப்புச் சக்தி குறையும், கூட்டத்துக்குள்ள விடாதீங்க. ரத்தப் பொருத்தம் பாக்குற சோதனையைக்கூட இந்த மருந்து குழப்பிவிடும். அதனால முன்னாடியே எல்லாம் பாத்து வெச்சுடுவோம். சரி, அவரை வரச் சொல்லுங்க. பேசணும்.”

“ஐயோ, வேண்டாம் டாக்டர்! அவர் மனசு தாங்காது. அம்மாவுக்கு அதைவிடத் தாங்காது.”

“அதை நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய உக்காருங்க.”

அப்பாவும் அம்மாவும் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். “தங்கமான டாக்டர். நல்லா சாப்பிடச் சொன்னாங்க,” என்றார் அப்பா. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஏசி ஒத்துக்கல,” என்றாள். டாக்டரம்மா தன் கட்சிக்கு வந்துவிட்டார் என்று மகன் நிம்மதிப் பெருமூச்சு விட்டான்.

அந்த நிம்மதி, மருந்து ஏறிய முதல் நாளே நடுக்கம் கண்டது. பாட்டில் கொஞ்சம் இறங்கியதும் அப்பாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தி, வேறொரு ஊசி போட்டு, போர்வை போர்த்தி, ஆசுவாசமானதும் சொட்டுச் சொட்டாக மறுபடி ஆரம்பித்தார்.

“சத்துக்கு எதுக்குடா இப்படி உதறுது?”

“சத்து கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சுப்பா.”

“அப்போ தண்ணி கலந்து விடச் சொல்லேன்.”

நர்ஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார்.

மறுநாள் காலை அம்மாவிடமிருந்து போன். “டேய், உடனே வா. உங்கப்பா கண்ணே மூடல. ஃபேனைக் கழட்டித் துடைச்சார், திருப்பி மாட்டத் தெரியல. இப்போ பீரோவைத் தள்ளிக்கிட்டு இருக்கார்!”

ஒவ்வாமை வராமலிருக்க மருந்துக்கு முன்னால் கொடுத்த ஸ்டீராய்டின் வேலை அது. மகன் பறந்து போய்ப் பார்த்தபோது, அப்பா பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, விடுங்க! எலும்பு என்னத்துக்கு ஆகும்?”

“எலும்புக்குத்தானேடா சத்து ஏத்தியிருக்கு?”

அரித்த எலும்பு, ஒரு பாரம் தூக்கினால்கூட முறிந்துவிடலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். மகனுக்குத் தன் தொழில் கைகொடுத்தது.

“இது சிமெண்ட் பூச்சு மாதிரிப்பா. நல்லா இறுகற வரைக்கும் பாரம் ஏத்தக் கூடாது.”

அப்பா பீரோவை விட்டார். ஆனால் சிமெண்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் பூங்காவில், முகமூடிக்குள்ளிருந்தபடியே தன் கூட்டாளிகளான தையல்காரரிடமும் பெயின்டரிடமும் சிமெண்ட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். விளைவு, அடுத்த முறை மருந்து ஏற்றும்போது இருவரும் மருத்துவமனை வாசலில் குளித்து, தலைவாரி, தயாராக நின்றார்கள்.

“எனக்கும் முட்டி ரொம்ப நாளா தகராறு பண்ணுது. ஒரு பாட்டில் ஏத்தச் சொல்லு தம்பி,” என்றார் தையல்காரர்.

“எனக்கு ரெண்டு. ஏணி ஏறி ஏறித் தேஞ்ச உடம்பு,” என்றார் பெயின்டர்.

கூட்டம் கூடாது என்று டாக்டர் சொன்னது மகனின் மண்டைக்குள் மணியடித்தது. “அங்கிள், இது எல்லாருக்கும் ஏத்த மாட்டாங்க. அப்பாவுக்கு இருக்கறது அபூர்வ ரத்தம். அதுக்கு மட்டும்தான் சேரும்.”

“அபூர்வமா?” அப்பா வாசல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து வீட்டில் அவர் நடையே மாறிவிட்டது. காப்பி ஆறியிருந்தால், “அபூர்வ ரத்தம் ஓடற மனுஷனுக்குக் கொடுக்கற காப்பியா இது?” என்று அம்மாவிடம் கேட்டார்.

மருந்து என்னவோ தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. குளிர் திரும்பி வரவில்லை, முதுகுவலி குறைந்தது. ஒருநாள் டாக்டரம்மா மகனைக் கூப்பிட்டு, “அந்தக் கெட்ட செல் ரத்தத்துல விடற புரதம் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மருந்து நல்லா கேக்குது,” என்றார்.

மகன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கேக் வாங்கிப் போனான்.

“எதுக்குடா கேக்கு?”

“ரயில் பாதை வீடு வித்துப் போச்சுப்பா.”

“அதையா? வாங்கினவனுக்குக் காது கேக்காதோ?” என்றார் அப்பா. கேக்கைப் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த மாதம் அவன் ஒரு வீடும் விற்கவில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அடுத்த முறை தையல்காரர் வந்து, “தம்பி, விசாரிச்சுட்டேன். உங்கப்பா குரூப்பேதான் எனக்கும். நானும் அபூர்வம்தான். எங்க உக்காரணும்?” என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

“குரூப் சேந்தா மட்டும் போதாது அங்கிள். பொருத்தம் பாக்கணும்.”

சொல்லி முடிக்கும்போதே அவனுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இந்த மருந்து பொருத்தச் சோதனையைக் குழப்பும் என்று டாக்டரம்மா சொன்னாரே! சோதனை செய்தால் சேராது என்றுதான் வரும். தையல்காரர் தொல்லை தீர்ந்தது. பக்கவிளைவு ஒன்று மனிதனுக்கு உதவுவது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று தன்னையே மெச்சிக்கொண்டு, எல்லாரையும் ரத்த வங்கிக்கு ஓட்டிப் போனான். சோதனைக்கூடத்துப் பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தான். அம்மாவும் பிளாஸ்க்கோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் கோபம். “இவர் ரத்தம் தையல்காரரோட மட்டுமில்ல, நான் வெச்சுப் பாத்த ஒருத்தரோடயும் ஒத்துப்போக மாட்டேங்குது!”

“இதுக்கு எதுக்கும்மா சோதனை? கல்யாணமான நாள்லேருந்தே எனக்குத் தெரியுமே,” என்றாள் அம்மா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மகனைப் பார்த்து, “இவருக்கு மைலோமா மருந்தா போகுது? முன்னாடியே சொல்லக் கூடாதா? ஒரு மணி நேரமா மண்டையைப் பிச்சுக்கிட்டேன்!” என்று கத்தினார்.

தையல்காரர் சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

“மைலோமான்னா என்னடா?” என்றார் அப்பா.

“அது… கம்பெனி பேருப்பா.”

“கம்பெனியா?”

“ஆமாப்பா. சிமெண்ட்… இல்ல, சத்து…”

கண் இமைக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் அடுக்கி வைத்த பொய்யெல்லாம் சரிந்து விழுந்தது. மகன் தரையில் அப்படியே உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“சத்து மருந்து இல்லப்பா! புற்றுநோய்ப்பா உங்களுக்கு! நீங்க பயந்துடுவீங்கன்னு மறைச்சேன். ஆனா மருந்து நல்லா கேக்குது, சத்தியமா பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மன்னிச்சிடுங்கப்பா, அம்மா, நீயும் மன்னிச்சிடு!”

அப்பா அவன் தலையில் கை வைத்தார். அம்மா பிளாஸ்க் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பெயின்டர் கூரையில் வர்ணம் உரிந்திருக்கிறதா என்று ஆராய்ந்தார்.

தையல்காரர்தான் பொறுக்கமாட்டாமல் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடப் போ தம்பி! ‘பையன் பயந்த சுபாவம், நமக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சாலாவது தெம்பா இருப்பான்’னு டாக்டரம்மா விஷயத்தைச் சொன்ன அன்னிக்கே உங்கப்பா எங்ககிட்ட சத்தியம் வாங்கினாரு, உங்கம்மா அடுத்த வாரத்துக்குச் சொல்லிக் கொடுத்த வசனத்தைக்கூட நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன், நீ பாட்டுக்கு இன்னிக்கே உளறிட்டியே!”