பத்தடி தூரத்துப் பலூன்

முதல் குண்டு பலூனுக்கு ஒரு சாண் கீழே போய்ப் பலகையில் பட்டது.

முனிரத்தினம் துப்பாக்கியை இறக்கி, அதை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர். கருடசேவை பார்க்க வந்த இடத்தில், "அந்தப் பீங்கான் ஜாடியை உனக்கு ஜெயிச்சுத் தரேன்" என்று மனைவி இந்திராணியைப் பலூன் சுடும் கடைக்கு இழுத்து வந்தது அவர்தான்.

"இன்னாங்க, கீழ போயிடுச்சே," என்றாள் இந்திராணி.

"போகத்தான் செய்யும். குழாயை விட்டு வெளிய வந்த நொடியே குண்டு கீழ விழ ஆரம்பிச்சிடும். நேரா போவுதுன்னு ஜனங்க நெனைச்சிக்கினு இருக்காங்க. கொஞ்சம் மேல தூக்கி வைக்கணும்."

"அப்போ அந்தச் செவப்பை அடிங்க."

"அது ஆரஞ்சும்மா," என்றான் கடைக்கார ஜான்சன்.

முனிரத்தினம் தூக்கி வைத்தார். குண்டு பலகையைத் தாண்டிப் போய் மேலே தகரத்தில் 'டங்'கென்று மோதியது. பக்கத்துக் கரும்பு ஜூஸ் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், பத்தடிதான். நேரா வைங்க, போதும்."

"காத்து இருக்குதுபா." விரலை நாக்கில் தொட்டு உயர்த்திக் காட்டினார். "வலப்பக்கத்துலேருந்து அடிக்குது. ஆயிரம் கஜம் போறதுக்குள்ள குண்டை ஓர் ஆள் நீளத்துக்குத் தள்ளிடும்."

"இங்க ஏதுங்க ஆயிரம் கஜம்? நான் ஒரு குச்சியை நீட்டினாலே பலூன் வெடிச்சிடும்."

அவர் காற்றுக்கு எதிராக வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தார். ஓரத்தில் தொங்கிய சீரியல் பல்பு ஒன்று உடைந்து, வரிசை மொத்தமும் அணைந்தது. கடையில் பாதி இருட்டு. கூட்டம் சேர்ந்துவிட்டது.

"சுழற்சியை மறந்துட்டேன்," என்றார் முனிரத்தினம். "குழாய்க்குள்ள புரி இருக்குது இல்ல, குண்டு பம்பரமாட்டம் சுத்திக்கினுதான் போவும். சுத்துற பக்கமா கொஞ்சம் ஒதுங்கும். அதுக்கு இடப்பக்கம் வாங்கி வைக்கணும்."

இடப்பக்கம் வாங்கி வைத்த குண்டு, பரிசுப் பலகையில் இருந்த ஜாடியின் காதைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

ஜான்சன் அதை எடுத்துத் துடைத்து நீட்டினான். "ஜாடி உங்களுதுதான் சார். எடுத்துக்கினு கெளம்புங்க."

கூட்டம் சிரித்தது. இந்திராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைத்தான் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். கை கல்லு மாதிரி நின்றது. கை ஆடவில்லை என்றால் கண்தான். அடுத்த மாதம் பேங்க் காவலர்களுக்குச் சுடும் பயிற்சி. அங்கே போய் இப்படிச் சுட்டால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அது இல்லாமல் இந்த மனுஷன் ஒரு நாள் இருக்கமாட்டார்.

மறுநாள் கூடத்தின் அந்தக் கோடியில் நின்று இரண்டு விரலைக் காட்டினாள். "எத்தனை?"

"நாலு," என்றார். பிறகு யோசித்து, "கட்டை விரலைச் சேத்தா அஞ்சு."

மூன்று நாள் விடாமல் பொன்னாங்கண்ணிக் கீரை போட்டாள். நாலாம் நாள் காலை, கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்து, "வா சிவபாலா, காப்பி சாப்பிடு," என்றார் முனிரத்தினம். எதிர்வீட்டுச் சிவபாலன் அப்போது வாலாஜாபாத்தில் இருந்தான்.

அதற்கு மேல் அவள் பொறுக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் பத்து நாளாகக் கண் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

இந்திராணி தன் ஐம்பத்தாறு வயதில் கண் டாக்டர் பக்கமே போனதில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள் என்று அவளுக்கு அத்தனை பயம். வாசலுக்குப் போனதும் முனிரத்தினமும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எனக்கு பயமா இருக்குதும்மா. நீ மொதல்ல உட்காரு. எரியுதான்னு பாத்துச் சொல்லு. அப்புறம் நான் உட்கார்றேன்."

"பனிமலையில நின்ன ஆளாங்க நீங்க?"

"அங்க சொட்டு மருந்து கெடையாது."

அவருக்காக உட்கார்ந்தாள். அவருக்காக மோவாயைக் கருவியில் வைத்தாள். சொட்டு மருந்து விழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் எரியலைங்க, வாங்க," என்று பொய் சொன்னாள்.

சோதித்த பெண், கிரேஸ் என்று சட்டையில் பெயர் போட்டிருந்தது, வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு கண்லயும் புரை முத்த ஆரம்பிச்சிடுச்சும்மா. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கஷ்டம். அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம். பார்வை நல்லாத் திரும்பிடும்."

"எனக்குக் கெடக்கட்டும்மா. அவரைப் பாரு மொதல்ல. பத்தடியில பலூன் தெரியல அவருக்கு."

கிரேஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முனிரத்தினம் அவசரமாகச் சுவரைப் பார்த்தார்.

"ஐயா போன வாரமே வந்து காட்டிட்டாரும்மா. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சாரு. உங்களை எப்படி இந்த நாற்காலியில உக்கார வைக்கிறதுன்னுதான் என்னைக் கேட்டுக்கினு நின்னாரு."