சிரிக்காத வம்சம்

சீமையில், மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற ஒரு காட்டில், ஒரு நரிக் குடும்பம் இருந்தது. சாதாரண நரிகள் இல்லை, பரம்பரைப் பிரபுக்கள். முதல் பிரபு போர்க்களத்தில் சிங்கராஜாவின் உயிரைக் காப்பாற்றினாராம். அதற்குப் பரிசாக 'புதர்மேட்டுப் பிரபு' என்ற பட்டமும் பதினெட்டு அறை வளையும் கிடைத்தனவாம். சீமைக் காட்டில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: யாரும் சிரிக்கக் கூடாது. ஏன் என்று சொல்வார் இல்லை. பதினோராம் பிரபுவின் ஒரே மகள் ஹென்றியெட்டாவும் அப்படியே வளர்ந்தாள். எத்தனையோ முறை தொண்டை வரை வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறாள், பாவம்.

ஒருநாள் அப்பா போய்ச் சேர்ந்தார். ஒழுகுகிற வளைக்கு வருஷம் தவறாமல் மண் பூசிக் காப்பாற்றியவள் மகள்தான். ஆனால் பட்டமும் வளையும் ஆண் வாரிசுக்கே. வாரிசுப் படிவத்தில் மகளுக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை. தேடு தேடென்று தேடியதில் ஒன்றுவிட்ட தம்பி ரெஜி அகப்பட்டான். நகரத்தில் குப்பைத்தொட்டி கிளறிக்கொண்டிருந்தான். எதற்கெடுத்தாலும் கெக்கெக்கே என்று சிரிப்பான்.

"பட்டம் எனக்கு, வளை உங்களுக்கு அக்கா. அந்த ஈரத்தில் யார் படுப்பது?" என்றான். நல்ல பிள்ளை.

"வாயை மட்டும் மூடிக்கொண்டு நில்லுடா. உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று கெஞ்சினாள் ஹென்றியெட்டா. அந்த வளையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

வம்சாவளி அலுவலகத்தில் டோக்கன் நூற்றுப் பதினாறு. பின்னால் முயல்கள், முள்ளம்பன்றிகள், கம்பளி வெட்ட அனுமதி கேட்க வந்து வரிசை மாறி நின்றுவிட்ட ஒரு செம்மறிக் கடா. மூன்று மணி நேரம் கழித்து ஆந்தை எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய அரச ஆணையை உரக்க வாசித்தார். வாரிசு முன்னால் வாசிக்க வேண்டும் என்பது விதி.

"நம் ராஜா சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்து, கிரீடம் வாலில் மாட்டிக்கொள்ள எழுந்து நின்றபோது, சபையே சிரித்தும் இந்த நரி ஒருவன் சிரிக்கவில்லை. ஆகவே இவனுக்குப் பட்டம். இதைக் கேட்டு எந்த வாரிசாவது சிரித்தால், அங்கே சிரிக்காமல் நிற்கும் ஆணுக்கு எல்லாம் சேரும்."

போர்க்களமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

ரெஜி கன்னத்தை உப்பினான். கண்ணை மூடினான். காலைக் காலால் மிதித்துக்கொண்டான். பிறகு தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். முயல்கள் சிரித்தன. முள்ளம்பன்றிகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு சிரித்தன. கடா மட்டும் அசைபோட்டபடி நின்றது. அதற்கு ஒன்றும் புரியவில்லை.

"பன்னிரண்டாம் பிரபு!" என்று கடாவின் நெற்றியில் முத்திரை குத்தினார் ஆந்தை.

"ஐயா, நானும்தான் சிரிக்கவில்லை!" என்றாள் ஹென்றியெட்டா.

"பெண்கள் சிரித்தாலும் ஒன்றுதான், சிரிக்காவிட்டாலும் ஒன்றுதான் அம்மா. விதி ஆண்களுக்கு மட்டும்."

"அப்படியானால் இத்தனை வருஷம் நான் அடக்கிக்கொண்டது?"

"அது உங்கள் சொந்தப் பழக்கம்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார் ஆந்தை.

சாயங்காலம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். புதிய பிரபு வந்து சேர்ந்தார். வளைக்குள் தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. கொம்பு மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி வெளியே நின்றார். மழை பிடித்துக்கொண்டது.

"உள்ளே நீயே இரு. பிரபு வாசலில் நிற்பார்" என்றார் கம்பீரமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை உங்களுக்குத் தெரியும். இங்கே நரி மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் விடியும்வரை சிரித்துத் தீர்த்தது.

நீதி: பெரிய இடத்தார் வழுக்கி விழும்போது சிரிக்காதவருக்குப் பரம்பரைக்கும் பட்டம் உண்டு. ஏன் சிரிக்க வேண்டும் என்றே புரியாதவராக இருந்தால், தேர்வுக்குப் படிக்கக்கூட வேண்டாம்.