காரிடாரில் முப்பதாயிரம் மிதி

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று எடை ஆய்வாளர் முடிவு கட்டிவிட்டார். கடைத்தெருவில் அத்தனை தராசுகளும் அவரைக் கண்டால் நடுங்கும். வீட்டில் மட்டும் முள் எப்போதும் மனைவி பக்கமே சாயும். சுவருக்கு அடித்த பச்சை, கூடத்து சோபா, அவருடைய சொந்த மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி, எல்லாமே அந்த அம்மாள் தேர்ந்தெடுத்தவை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கம்பளத்தையாவது தானே தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்று மனுஷர் ஏங்கிப்போயிருந்தார்.

வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருபதடி காரிடார். இரண்டு பெண்கள், மாடியில் மைத்துனன் குடும்பம் என்று ஒரு பட்டாளமே மிதித்து, பழைய கம்பளத்துக்கு நடுவில் வழுக்கை விழுந்துவிட்டது.

"பாலியெஸ்டர் போடலாங்க. தொட்டா மெத்துன்னு இருக்கு, கலரும் பளிச்சுன்னு இருக்கு" என்றாள் மனைவி.

"படுத்துத் தூங்கவா வாங்கறோம்? நாலு பேர் நடந்தா பாலியெஸ்டர்தான் படுத்துடும். நைலான் மிதிக்க மிதிக்க எழுந்து நிக்கும்!"

"என் தம்பி பாலிப்ரொப்பிலீன் நல்லதுங்கறான். தண்ணி கொட்டினாலும் உறிஞ்சாதாம்."

"உறிஞ்சாது. ஆனா நசுங்கினா நசுங்கினதுதான். உன் தம்பி மாதிரி, எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"வாயால சொன்னா ஆச்சா? சோதிக்காம முத்திரை குத்தாதவராச்சே நீங்க!"

அந்த வார்த்தை தைத்துவிட்டது. அன்றே கடையிலிருந்து மூன்று மாதிரித் துண்டுகள் வந்தன. காரிடாரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். முப்பது நாள், ஒவ்வொன்றுக்கும் முப்பதாயிரம் மிதி. எண்ணுவதற்குக் கையில் ஒரு கவுண்டர்.

அரைமணி நேரத்தில் வந்தது வினை. சின்ன மகள் நைலானை ஒரே தாவாகத் தாண்டினாள். மைத்துனன் பாலியெஸ்டர்மேல் நின்று சோம்பல் முறித்தான்.

"எண்ணிக்கையே கெட்டுப்போச்சு!" ஆய்வாளர் குதித்தார். "இனிமே என்னைத் தவிர ஒருத்தரும் இதுல கால் வைக்கக் கூடாது. எல்லாரும் பின்வாசல் வழியா சுத்திப் போங்க!"

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப வாசலுக்குப் பால் வந்தா?"

"நான் எடுத்துட்டு வரேன்."

"குப்பைக் கூடை?"

"கொடு, ரெண்டு மிதி சேரும்."

"சமையலறையில இருந்து கூடத்துக்குச் சாப்பாடு?"

"என் சோதனை, நான்தான் தூக்கணும்!"

"சும்மா நடக்கறதை விட, பாத்திரத்தோட நடந்தா எடையும் கூடுமில்ல?"

"பார்த்தியா! இப்பத்தான் உனக்கு விஞ்ஞானம் பிடிபடுது" என்று பூரித்துப்போனார்.

ஒரே வாரத்தில் மனைவி கூடத்து சோபாவில் கால் நீட்டிக்கொண்டாள். "அப்படியே அடுப்பையும் அணைச்சுட்டு வாங்க" என்பாள். போவார். "உப்பு கம்மி" என்பாள். மறுபடியும் போவார். காய் நறுக்கினார், துணி சுமந்தார், மாடிக் குடும்பத்துக் குப்பையையும் சேர்த்துக் கொட்டினார். தொப்பை கரைந்து பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. அவரோ கவுண்டரை அமுக்கியபடி ஆனந்தமாக நடந்துகொண்டே இருந்தார்.

முப்பதாம் நாள் குப்புறப் படுத்துப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். பாலியெஸ்டர் சடை பிடித்திருந்தது. பாலிப்ரொப்பிலீன் அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. நைலானைத் துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டினார். சிலிர்த்துக்கொண்டு நின்றது!

"தோத்துட்டே!"

"தோத்துட்டேங்க. உங்க இஷ்டப்படியே நைலான் போட்டுடலாம்" என்றாள் மனைவி, அடக்க ஒடுக்கமாக.

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முதல் வெற்றி! கடைக்குச் சொல்லலாமென்று போனை எடுப்பதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். கம்பளக் கடைக்காரர் இருபதடி நைலான் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையேய்யா!"

"அம்மா போன மாசமே நைலான்னு சொல்லிட்டாங்களே சார். ஐயா நடந்து முடிக்கட்டும், அப்புறம் கொண்டு வந்தா போதும்னாங்க."