மட்கார்டு முறிந்ததும் சம்பந்தம் முறிந்ததும்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

தோஹாவில் குளிர்சாதன அறையில் எழுந்தருளியிருக்கும் மைத்துனர் தேவா அவர்களுக்கு, அக்காள் கணவன் குமரேசன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்காள் கலைப்பிரியா, உங்கள் தாயார் மூவரும் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு நலம். அங்கே தாங்கள் சொறியாமல் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "சிக்னல் இல்ல மாமா" என்று வெட்டிவிடுவீர்கள். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன்.

விமானம் ஏறுமுன் தங்கள் செல்லக் காரை என் வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனீர்கள். பழைய மாருதி ஒன்றின் தோலை உரித்துவிட்டு, பெட்டியில் வந்த பைபர் பாகங்களை அதன்மேல் மாட்டி, சிவப்பு பெயிண்ட் அடித்த அதே கார்தான். "அப்பப்ப ஓட்டுங்க மாமா, பேட்டரி உக்காந்துடும்" என்றீர்கள். பேட்டரி உட்காரக் கூடாது, மாமா உட்கார்ந்தால் பரவாயில்லை. அந்த வண்டிக்குள் ஏறுவது என்பது கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி. ஏறினால் இறங்க ஆள் வேண்டும். இருந்தும், விழுப்புரம் பக்கத்துக் காணையில் ஒரு வளைகாப்புக்கு அதிலேயே போனேன். வழியில் முன்னால் போன கரும்பு டிராக்டர் சட்டென்று நின்றது. நானும் பிரேக் போட்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு முன்பக்க மட்கார்டைத் தொட்டது. இடிக்கவில்லை ஐயா, தொட்டது. 'டப்' என்றது. பார்த்தால் விளக்கிலிருந்து கதவு வரைக்கும் விரிசல். டிராக்டர்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், காரு பக்கெட்டு மாதிரி ஒடைஞ்சிக்கினு கீது?" என்றார். ரோட்டில் போனவனெல்லாம் நின்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இதற்குமேல் உனக்கு மரியாதை வரவில்லை. 'நீ' என்றே எழுதுகிறேன்.

நம் ஊர் டிங்கர் அலெக்ஸிடம் கொண்டுபோனேன். அவன் விரலால் சுண்டிப் பார்த்தான். "தகரமா இருந்தா தட்டி எடுத்துடுவேன் சார். இத தட்டினா நீங்க மொறத்துல வாரிக்கினு போவணும்" என்றான். உனக்குப் போன் செய்தேன். நீ அங்கிருந்தே அலறினாய். வெள்ளிக்கிழமை விழுப்புரத்திலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் நீ, கார் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது என்று அளந்து வைத்திருக்கிறாய். "நீங்களே ஒட்டிடலாம் மாமா, ரொம்ப ஈஸி" என்றாய். பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய், ரெசின் பசைக் கேனும் கண்ணாடி நார்ப் பாயும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரும் வாங்கி வந்தேன். வீடியோ காலில் நீ தோஹாவிலிருந்து வைத்தியம் சொன்னாய். ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. நீதான், "தாராளமா ஊத்துங்க மாமா, ஜல்தியா காயும்" என்றாய். ஊற்றினேன். ரெசின் கலக்கிய மக் கொதித்தது. அப்புறம் புகைந்தது. உன் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, மாப்ள அடுப்பே இல்லாம இன்னாத்தையோ காச்சறாரே!" என்று கத்தி, மாட்டுக்கு வைத்திருந்த கழுநீரைத் தூக்கி என்மேல் ஊற்றினார். கையில் கொப்புளத்தோடு, தலையில் சோற்றுப் பருக்கையோடு நான் நிற்கிறேன். நீ போனுக்குள்ளிருந்து என்ன கேட்டாய்? "வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே மாமா?"

மறுபடி கலந்து ஒட்டியும் தொலைத்தேன். காய்ந்த பிறகு மட்கார்டு செஞ்சிக் கோட்டை மலை மாதிரி மேடும் பள்ளமுமாக நின்றது. சமப்படுத்தலாம் என்று இரும்பு தேய்க்கும் கிரைண்டரை வாங்கி வந்து, பனியன் வேட்டியோடு உட்கார்ந்து தேய்த்தேன். முகமூடி, கையுறை பற்றி நீ மூச்சே விடவில்லை. தூள் பறந்தது. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள் தோலெல்லாம் ஏறியது. உன் அக்காள் அந்தப் பனியனையும் சோபா உறைகளையும் ஒன்றாக மெஷினில் போட்டுத் துவைத்து, விருந்தாளி வருகிறார்கள் என்று பளிச்சென்று மாட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அப்பா சீனுவாசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா, பெண் பானுப்ரியா. சோபாவில் உட்கார்ந்தார்கள். "மாப்பிள்ளைக்கு அங்க என்ன பொறுப்பு?" என்று சீனுவாசன் கேட்டு முதுகைச் சொறிந்தார். நான் பதில் சொல்லித் தோளைச் சொறிந்தேன். கேசரி வந்தபோது அந்த அம்மாள் தட்டை வாங்க முடியாமல் இரண்டு கையாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பெண் மட்டும் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க பைபர் தேச்சீங்களா?"

நான் முழங்கையைத் துண்டால் மூடினேன். அவளுக்கு பாண்டிச்சேரிப் பக்கம் பைபர் படகு கட்டும் கம்பெனியில் வேலையாம், படகு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவளாம். "ஏதோ கம்பெனி" என்று நீ எங்களுக்குச் சொன்னாயே, அந்தக் கம்பெனி. போட்டோவில் பெண்ணின் கண்ணைப் பார்த்தவன், என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

"சுடுதண்ணி ஊத்தாதீங்க, பச்சத் தண்ணியில கழுவுங்க" என்று எல்லோரையும் குழாயடிக்கு அனுப்பிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். முட்டியால் கதவைத் தட்டினாள், பானெட்டைத் தட்டினாள்.

"இது இத்தாலியிலேர்ந்து வந்துதுங்களா?"

"அப்பிடித்தான் சொல்லிக்கினு இருக்கான்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஈரக் கையோடு வந்த சீனுவாசன், உட்கார்ந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்தார். நான் ஊற்றிய ரெசின் இடுக்கில் வழிந்து, கதவையும் மட்கார்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. அவர் இழுத்தார். கைப்பிடி கையோடு வந்தது. அவர் கோபப்படவில்லை. கைப்பிடியைப் பூஜைப் பொருள் போல பானெட்டின்மேல் வைத்துவிட்டு, "நல்லது. கலந்து பேசிட்டு சொல்றோம்" என்றார். அதற்கு இந்த மாவட்டத்தில் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். உன் அம்மா அன்று முழுதும் சாப்பிடவில்லை. இந்த இடம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார் பாவம்.

ஆகவே ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய். லீவு வேண்டாம், வந்து முகத்தைக் காட்டவும் வேண்டாம். வண்டியை அலெக்ஸ் எடுத்துப்போய்க் கோழிக்கூண்டாக வைத்துக்கொள்ளட்டும். எங்கிருந்தாலும் நீ உண்மை பேசி நீடூழி வாழ அக்காளும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
அரிப்புடன்,
குமரேசன்

பின்குறிப்பு: லீவு முடிந்து நாளைக்கு தோஹா திரும்பும் நம் ஊர் கோபியிடம் கொடுக்க உறையை ஒட்டும் நேரத்தில் பானுப்ரியா போன் செய்தாள். வெள்ளிக்கிழமை "ஆன்ட்டி" என்றவள் இன்று உன் அம்மாவை "அத்தை" என்கிறாள், கவனி. அங்கிள் ஒட்டியதை முழுக்கப் பெயர்த்துவிட்டு உள்பக்கத்திலிருந்து அவளே புதிதாக ஒட்டப்போகிறாளாம். "என் புள்ள விஷயம் இன்னாமா?" என்று உன் அம்மா கேட்டதற்கு, "அவரையும் வரச் சொல்லுங்க அத்தை. மொதல்ல எங்கப்பாகிட்ட நெசத்த சொல்லட்டும். அப்புறம் என்கூட நின்னு தேய்க்கட்டும். எவ்ளோ நேரம் தாங்கறாருன்னு பாத்துட்டு சொல்றேன்" என்றாளாம். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. டிக்கெட்டை ரத்து செய்யாதே. முழுக்கைச் சட்டையோடு உடனே கிளம்பி வா.